கடைசி மூன்று சத்தங்கள்

பாண்டிருப்பில் ஒரு வீட்டு முற்றத்தில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று புடவை வியாபாரம் செய்துகொண்டிருந்தது. தலையணை உறைக்குள் எதையோ திணித்துத் தோளில் போட்டிருந்தது. இல்லாத சைக்கிளை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு மழைத் தண்ணீர் தேங்கிய முற்றத்தைச் சுற்றி வந்தது.

"சாய...ன், சாயீ... சாயன், சாயீ..."

நான் என் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

லுங்கியும் சேலையும் விற்கிறவர் கூவும் 'சாரன், சாறீ' என்பதைச் சொல்ல அதற்கு நாக்குப் புரளவில்லை. ஆனால் மெட்டு அச்சாக வந்தது. எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்தது, எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டது. பிறகு தலையணை உறையைக் கீழே போட்டுவிட்டு வாசற்படிக்கு ஓடி, குரலை மாற்றித் தனக்குத் தானே பதிலும் சொன்னது: "நில்லுங்க காக்கா, நில்லுங்க!" மறுபடியும் ஓடி வந்து மூட்டையைத் தூக்கியது.

சத்தம் கேட்டு அதன் தாய் அரிசி களைந்த சட்டியோடு வெளியே வந்தா. நான் சில வீடுகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் வருகிறவன் என்பதால் முகம் தெரியும்.

"தம்பி, நீங்க கல்முனைப் பக்கம்தானே? சாரன் விக்கிற காக்காவ ரெண்டு கிழமையாக் காணல்ல. எந்தத் தெருவில நிண்டுட்டாராம்? எனக்கு ஊதாக் கரையில ஒரு சீலை கொண்டாறன் எண்டவர்."

சலீம் காக்காவை அடக்கம் செய்து அன்றைக்கு நாலாம் நாள். தம்பிலுவில் பக்கம் யாவாரத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் தண்ணீர் வடியட்டும் என்று கரையில் நின்றார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். மறுநாள் அவரைப் பன்புற்களுக்குள் கண்டெடுத்தார்கள். புடவை மூட்டை ஒரு மருத மரத்தில் சிக்கியிருந்தது. றெக்சின் சுற்றிக் கட்டியிருந்ததால் உள்ளே ஒரு சாரன்கூட நனையவில்லை.

நான் சொன்னேன். அவ சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் குந்திவிட்டா. பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது மூட்டையோடு அடுத்த சுற்றுக்குப் புறப்பட்டது.

"சாய...ன், சாயீ..."

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. மனிதர் மண்ணுக்குள். அவருடைய மெட்டு, அவரோடு எந்த உறவுமில்லாத, அவருடைய பேர்கூடத் தெரியாத ஒரு பிள்ளையின் தொண்டையில். யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைக் கொண்டு ஒரு பாட்டுக் கட்டினால் இந்தக் கரையில் ஒருவராலும் மறக்க முடியாது.

ஒரு தாய் மௌத்துச் செய்தி கேட்டுக் கண் கலங்கிக்கொண்டிருக்கிறா. அதே நொடியில் எனக்கு மெட்டு ஆசை வந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஒலுவில் கடிதம்

இந்த வாராந்தப் பத்தியில் பள்ளிக்கூடப் பாட்டைப் பற்றியும் அறுவடைப் பாட்டைப் பற்றியும் எழுதிய கிழமைகளில் சுரங்களையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். புல்புல்தாரா வைத்திருக்கும் சிலர் வாசித்துப் பார்த்ததாகக் கடிதம் போட்டார்கள். ஒலுவிலில் இருந்து ஒரு வாசகர் மட்டும் கோபமாக எழுதியிருக்கிறார். 'சலீம் காக்கா பாட்டுத்தான் உங்கள் பாட்டுகளிலேயே ஊரெல்லாம் பாடியது. அதன் சுரத்தை மட்டும் ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? வேறு யாரும் வாசித்துவிடுவார்கள் என்ற பயமா?'

பயம் இல்லை. அந்தச் சுரத்தை எழுத எனக்கு உரிமையில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கிழமைக் கதை.

டைப்ரைட்டர்

சலீம் காக்கா எங்கள் பக்கத்து வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலை முடைந்த ஒரு கிடுகு வேலி. அவருடைய மனைவி ஜெமீலாவும் என் மூத்த சகோதரி நூரு ராத்தாவும் ஒரே வயது. சேர்ந்து ஓதியவர்கள், சேர்ந்து பன்பாய் இழைத்தவர்கள். வேலியில் அவர்கள் இருவரும் கதைத்துக் கதைத்தே ஒரு கிடுகு தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

எனக்கு அப்போது படித்து முடித்த வயது, பல்கலைக்கழகம் கூப்பிடாத வயது. காத்திருக்கிற காலத்துக்கு ஒரு புல்புல்தாரா வாங்கியிருந்தேன். வாப்பாவுக்குப் பிடிக்காது. ஆனால் தடுக்கவும் இல்லை. பாங்கு சொல்லும் முன் நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம்.

புல்புல்தாராவில் வரிசையாகக் கட்டைகள் இருக்கும். இடது கையால் அழுத்தி, வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். சலீம் காக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"என்ன தம்பி, உண்ட டைப்ரைட்டர் இண்டைக்கு யாருக்குக் காயிதம் அடிக்கிது?"

"மெட்டுக் கட்டுறன் காக்கா."

"கட்டு, கட்டு. கட்டின மெட்ட அவுத்து உடவும் படி. இந்தப் பக்கம் கேக்கக்குள்ள மாட்டக் கட்டிப் போட்ட மாதிரிக் கெடக்கு."

கோபம் வரும். ஆனால் அவர் சொன்னது சரி. நான் கட்டிய மெட்டுகள் எல்லாம் கட்டிப் போட்ட மாடுகள்தான். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தன.

அவர் புல்புல்தாராவைத் தொட்டவரே அல்ல. அவருடைய கூவல் மட்டும் தெருவுக்குத் தெரு வேறாக இருந்தது. கடற்கரைப் பக்கம் 'சாரன்' நீளும், காற்றை வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதால். பாண்டிருப்பில் 'சாறீ' நீளும், அங்கே வாசலுக்கு வருவது பெண்கள் என்பதால். காரைதீவில் கோயில் வீதிக்கு வந்தால் குரலை இறக்கிவிடுவார். 'பூசை நடக்கிற இடத்தில நாம என்னத்துக்குக் கத்துற' என்பார்.

பின்நேரம் வீட்டுக்கு வரும்போது குரல் கம்மியிருக்கும். கூவல் முழுவதையும் கூவ மாட்டார். அதன் கடைசி மூன்று சத்தங்களை மட்டும், சொல் ஏதும் இல்லாமல், வாசலில் நின்று கொடுப்பார். முதலாவது மேலே போகும். இரண்டாவது அங்கேயே தயங்கி நிற்கும். மூன்றாவது இறங்கி வந்து, வீடு சேருவதற்கு முன் நின்றுவிடும். பிறகு கதவு திறக்கும்.

தினமும் கேட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து, மூன்று வருடம் கேட்டேன்.

ஓர் இரவு தாண்டினால்

என்னிடம் ஒரு மெட்டுக் கொப்பி இருந்தது. பொல்லடிக்காரர் கோல் அடித்துப் பாடுவது, கலியாண வீட்டில் பைத் ஓதுவது, நெற்சூடு மிதிக்கும் களத்தில் மாட்டை வளைக்கும்போது பாடுவது என்று காதில் விழுந்ததை எல்லாம் அதில் எழுதுவேன். கூட்டாளி யாசீன்தான் என் பாட்டுக்காரன். நல்ல குரல், மகா சோம்பேறி.

நாங்கள் இருவரும் ஒரு சோதனை வைத்திருந்தோம். சந்தைத் தேத்தண்ணிக் கடையில் நான் கட்டிய மெட்டை யாசீன் சொல் இல்லாமல் ஒரே ஒரு தரம் முணுமுணுப்பான். யாரும் கவனிக்கக் கூடாது. மறுநாள் காலை அதே கடையில் போய் உட்கார்ந்து, ஆட்கள் தேத்தண்ணி ஆற்றும்போது எதை முணுமுணுக்கிறார்கள் என்று கேட்போம். ஓர் இரவு தாண்டி வந்தால் அது மெட்டு. தாண்டாவிட்டால் கொப்பியில் கோடு.

பதினொரு மெட்டுக் கட்டியிருந்தேன். பதினொன்றிலும் கோடு.

"மச்சான், உண்ட மெட்டெல்லாம் நல்ல புள்ளயள்" என்றான் யாசீன். "மஃரிப் தொழுகையோட வீட்டுக்குப் போய்ப் படுத்திடுதுகள்."

பாண்டிருப்பில் இருந்து வந்த அன்று கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 'சாரன், சாறீ' எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் இது மறக்காது? இதைவிட இனிமையான மெட்டுகள் என் கொப்பியில் இருக்கின்றன. இதில் இனிமை என்று எதுவும் இல்லை.

அதற்குள் அசருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். புல்புல்தாராவை மூடினேன். மூடின பிறகும் அந்த மெட்டு என் தலைக்குள் ஓயவில்லை. அப்போதுதான் விளங்கியது. அது ஓயவில்லை, ஏனென்றால் அது முடியவில்லை. வியாபாரி கூவினால் கூவல் முடிவதில்லை. கேட்கிறவர் உள்ளே இருந்து ஏதாவது சொன்னால்தான் முடியும். முடிக்காமல் விட்ட மெட்டை ஆள் தன்னுடைய வாயால் முடிக்கப் பார்க்கிறான். முடிக்கத் தெரியாது. அதனால் திரும்பவும் தொடங்குகிறான். அவ்வளவுதான் இரகசியம்!

யோசித்துப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எந்த மெட்டும் ஒரு வாயில் முடிவதில்லை. ஓதுகிற பள்ளியில் லெப்பை பாதி சொல்வார், பிள்ளைகள் மீதி சொல்வோம். பொல்லடியில் அண்ணாவியார் ஒரு வரி எறிந்தால் கோல்கள் பதில் சொல்லும். களத்தில் ஒருவன் எடுத்தால் பத்துப் பேர் ஏற்பார்கள். வருடக் கணக்காக இதற்குள்ளேயே இருந்துவிட்டு, நான் மட்டும் பதினொரு மெட்டையும் ஒழுங்காக முடித்து, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்றிரவும் அடுத்த நாளும் உட்கார்ந்ததில் பாட்டு வந்துவிட்டது. சொற்கள் அந்தப் பாண்டிருப்புத் தாயிடம் இருந்து வந்தவை.

எந்தத் தெருவில நிக்கிறீங்க காக்கா
எங்கட தெருவுக்கு எப்ப வருவீங்க

ஒவ்வொரு அடியின் கடைசியிலும் சொல் இல்லாத மூன்று சத்தங்கள் வைத்தேன். மேலே போய், தயங்கி, வீடு சேராமல் நிற்பவை. அதற்குப் பிறகு இரண்டு தாளத்துக்கு ஒன்றுமே இல்லை.

"இந்த இடத்தில ஏன்டா சும்மா நிக்கிற?" என்று யாசீன் கேட்டான்.

"தெரியாது. அங்க நிண்டாத்தான் நல்லாரிக்கி."

அவன் ஒரு தரம் பாடிப் பார்த்தான். இன்னொரு தரம் பாடினான். பிறகு என் கொப்பியை வாங்கி, பேனையை வாங்கி, பன்னிரண்டாவது மெட்டுக்குக் கீழே ஒரு சரி போட்டான்.

மைதானம்

சலீம் காக்கா எங்கள் விளையாட்டுக் கழகத்தின் கோல்காப்பாளராக இருந்தவர். மாரி ஓய்ந்ததும் கழகம் அவர் நினைவாக ஒரு பந்தாட்டம் வைத்தது. இடைவேளையில் யாசீன் மைக்கைப் பிடித்தான். நான் புல்புல்தாரா. பொல்லடிக் குழுவில் இருந்து ஒருவர் றபான் தட்டினார்.

முதல் அடி முடிந்து அந்த மூன்று சத்தங்கள் வந்தபோது மைதானத்தில் பேச்சு நின்றது. இரண்டாவது அடியில் யாசீனுக்கு மூன்று சத்தங்களையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சனங்கள் கொடுத்தார்கள். கிழவர்கள் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள். நான் கட்டையைப் பார்த்து வாசிப்பதை விட்டுவிட்டு ஆட்களின் வாயைப் பார்த்தேன்.

அது பெரும்போக அறுவடைக் காலம். வெட்டுக்குப் போனவர்கள் பாட்டை வயலுக்குக் கொண்டுபோனார்கள். ரொட்டி விற்கிற பாண்காரன் சைக்கிள் மணியோடு பாடினான். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் தோளில் கை போட்டுக்கொண்டு பாடினார்கள். ஒரு நாள் வாப்பா தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டே அந்த மூன்று சத்தங்களை முணுமுணுத்தார். என்னைக் கண்டதும் இருமினார்.

ஓர் இரவு தாண்டினால் மெட்டு என்று வைத்திருந்தோம். இது இரண்டு மாதம் தாண்டியிருந்தது. இருபது வயதில் அப்படி ஒரு வெற்றி கிடைத்தால் கால் நிலத்தில் படாது. எனக்கும் படவில்லை.

ராத்தா தினமும் பகலில் பக்கத்து வளவுக்குப் போய் வருவா. ஜெமீலா இத்தாவில் இருந்தா. கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல், அந்நிய ஆணின் முகம் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. ஒரு நாள் ராத்தா திரும்பி வந்து, வெறும் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னா:

"அந்தப் பாட்ட எங்கட தெருவால பாடாம இருக்கச் சொல்லு."

"யார் சொன்ன?"

"ஜெமீலாதான்."

"ஏனாம்?"

"ஏன் எண்டு சொல்லல்ல. சொல்லச் சொன்னா, சொல்லிட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. ஊரே பாடுகிறது. அவருக்காகக் கட்டிய பாட்டு. அவவுக்கு மட்டும் பிடிக்கவில்லையா? இத்தாவில் இருக்கிற வீட்டுக்குப் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் தெரு முனையில் நின்று பிள்ளைகளை மறித்தேன். "இந்தத் தெருவில அந்தப் பாட்டுப் பாடக் கூடாது, செரியா?"

ஒரு நொடி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு முப்பது வாயும் ஒன்றாகத் திறந்தன. அன்றைக்குப் போல் அவர்கள் ஒரு நாளும் பாடியதில்லை. எங்கள் வேலியைத் தாண்டும் வரை பாடினார்கள், மூன்று சத்தங்களையும் வாய் கிழியக் கொடுத்தார்கள், இரண்டு தாளம் ஒழுங்காக நின்றார்கள், மீண்டும் தொடங்கினார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம்

அன்று பின்நேரம் ராத்தா என்னை வளவின் பின்பக்கம் கூப்பிட்டா.

"இஞ்ச நில்லு. வேலிக்குக் கிட்டப் போகாத. அவ உள்ளுக்கு இருந்து கதைப்பா. நான் கேட்டு உனக்குச் சொல்லுவன்."

"எனக்கும் காது கேக்கும்தானே ராத்தா."

"கேட்டாலும் கேக்காத மாதிரி நில்லு."

ராத்தா தேய்ந்த கிடுகின் பக்கத்தில் போய் நின்றா. அந்தப் பக்கம் அடுப்படி. யன்னலுக்கு வெள்ளைச் சீலை ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்து ஜெமீலாவின் குரல் வந்தது. இரண்டரை மாதத்துக்குப் பிறகு முதல் தரமாகக் கேட்கிறேன்.

"நூரு, தம்பி வந்திட்டாரா?"

ராத்தா என் பக்கம் திரும்பினா. "நீ வந்திட்டியா எண்டு கேக்கிறா."

"வந்திட்டன் எண்டு சொல்லுங்க."

"வந்திட்டானாம்."

"பாட்டு நல்லாரிக்கி எண்டு சொல்லு."

"பாட்டு நல்லாரிக்காம்."

அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. கிடுகு ஓட்டையால் அந்தப் புகை எங்கள் பக்கம் வந்தது.

"முதல் தரம் மைதானத்தில இருந்து கேட்டிச்சி" என்றது குரல். "எனக்கு அழுகை வரல்ல நூரு. எழும்பிட்டன். கையில அகப்பை. அகப்பையோட போய் வாசல் கதவுத் தாழ்ப்பாளில கைய வெச்ச பொறகுதான் உம்மா புடிச்சா."

இதை ராத்தா எனக்குச் சொல்லவில்லை.

"இப்ப பாண்காரன் வந்தா ஒரு தரம். பள்ளிக்கூடம் உட்டா ஒரு தரம். வெட்டுக்குப் போறவங்க விடியக்குள்ள ஒரு தரம். ஒவ்வொரு தரமும் எழும்புறன். அவர் இல்ல எண்டு மனத்துக்குத் தெரியும். காலுக்குத் தெரியல்ல."

"நான் நிப்பாட்டுறன்" என்றேன். ராத்தாவுக்குச் சொல்வதா, யன்னலுக்குச் சொல்வதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் சொன்னேன். "நாளைக்கே கழகத்துப் பொடியன்மார்ட்டச் சொல்லி..."

உள்ளே ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

"நிப்பாட்டுறதா? இண்டைக்குப் புள்ளயள நிப்பாட்டினதுதான் கேட்டிச்சே. முன்னம் அடிச்ச சூறாவளியையும் இப்படி நிண்டு மறிச்சிருந்தா எங்கட கூரை தப்பியிருக்கும்."

ராத்தாவும் வாயைப் பொத்திக்கொண்டா.

"நிப்பாட்ட வேணாம் நூரு. அவர்ர பேர் தெருவில நிக்கட்டும். அந்தக் கடைசி மூண்டு சத்தத்த மட்டும் எடுத்துத் தரச் சொல்லு. 'சாரன், சாறீ' எண்டு கூப்பிட்டது ஊருக்கு. அது எனக்குக் கூப்பிட்டது."

ராத்தா திரும்பவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அதுக்குப் பொறகு பாட்டில கொஞ்ச நேரம் ஒண்டும் பாடாம நிக்கிறாங்களே" என்றது குரல். இந்தத் தரம் 'நூரு' இல்லை. "அது என்னெண்டு தம்பிக்குத் தெரியுமா? அது நான் அடுப்படியில இருந்து வந்து தாழ்ப்பாள எடுக்கிற நேரம்."

ஈர விறகு பட்டென்று வெடித்தது. வெள்ளைச் சீலை அசையவில்லை.

'அங்க நிண்டாத்தான் நல்லாரிக்கி' என்று யாசீனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். கூப்பிட்ட சத்தம், பிறகு ஒன்றுமில்லாத ஒரு நேரம், பிறகு தாழ்ப்பாள். நான் தாளம் என்று நினைத்தது அவவின் நடை. அடுப்படியில் இருந்து வாசலுக்கு எத்தனை எட்டு என்று எனக்குத் தெரியாமலே எண்ணி, ஒரு தப்பும் இல்லாமல் பாட்டுக்குள் வைத்திருந்தேன். முடிக்காமல் விட்டதால்தான் மறக்கவில்லை என்று கண்டுபிடித்துப் பெருமைப்பட்டேனே, அதை முடிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தா. அவவைக் கதவைப் பூட்டி உள்ளே வைத்துவிட்டு, ஊர் முழுவதையும் வாசலில் நிறுத்திக் கூப்பிட வைத்திருக்கிறேன்.

"இத்தா முடிய இன்னும் அம்பத்தி மூண்டு நாள் இரிக்கி" என்றா ராத்தா, திரும்பி நடக்கும்போது. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பதின்மூன்றாவது மெட்டு

யாசீனிடம் சொன்னேன். அவன் வழக்கம் போல் பகிடி ஒன்றும் விடவில்லை.

"பாட்ட மாத்துறது லேசு. சனத்திட வாய மாத்துறது எப்படி?"

"அதவிட நல்ல முடிவு ஒண்டு வெச்சா பழசு தானா உதிர்ந்திடும்."

"மச்சான், நீதானே சொன்ன, முடிஞ்சு போன மெட்ட ஒருத்தனும் திரும்பப் பாட மாட்டான் எண்டு? இப்ப முடியவும் வேணும், மறக்கவும் கூடாது எண்டா என்ன செய்ற?"

அதுதான் கேள்வி. மூன்று சத்தங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெட்டை இறக்கி வீடு சேர்த்துப் பார்த்தேன். யாசீன் தேத்தண்ணிக் கடையில் முணுமுணுத்தான். மறுநாள் ஒருவர்கூட அதைப் பாடவில்லை. பழையதைப் பாடினார்கள். இன்னும் உயரமாக ஏற்றிப் பார்த்தேன். ஏற்றியதை அவர்களே இறக்கிப் பழைய மூன்றுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு நாளில் நாலு முடிவு. நாலிலும் கோடு.

ஐந்தாம் நாள் புல்புல்தாராவைத் தொடவில்லை. கொப்பியை மட்டும் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், பாண்டிருப்பில் இருந்து வந்த அன்று எழுதியது அப்படியே இருந்தது. 'சாரன், சாறீ.' அதற்குக் கீழே வெறும் பக்கம்.

அந்த வெறும் இடத்தைப் பார்த்தபோதுதான் முற்றம் கண்ணுக்குள் வந்தது. தலையணை உறையைக் கீழே போட்டுவிட்டு வாசற்படிக்கு ஓடிய பிள்ளை. குரலை மாற்றியது. தாயைப் போலக் கையை இடுப்பில் வைத்தது. அது அன்றைக்கு இரண்டு பக்கமும் பாடியது. நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூப்பிட்டது சலீம் காக்கா. ஊர் பதில் சொல்லாமலா இருந்தது? பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் எத்தனை வாசலில் எத்தனை பெண்கள் அவரை நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பதில் ஜெமீலாவின் தாழ்ப்பாள் இல்லை, அது ஊருடையது. அதைப் பாட்டின் முடிவில் வைக்க யாரிடமும் திருடத் தேவையில்லை. கேட்டால் தருவார்கள்.

அதில் மெட்டு வருமா என்பது தெரியாது. ஓர் இரவு தாண்டுமா என்பதும் தெரியாது. இத்தா முடிய அன்றைக்கு நாற்பத்தெட்டு நாள் இருந்தது. ஜெமீலா கதவைத் திறந்து முதல் தரம் தெருவுக்கு வரும்போது, பாண்காரனின் வாயில் எந்த முடிவு இருக்கும் என்பதுதான் இனி என் சோதனை.

விடிந்ததும் போவதென்று முடிவு செய்தேன். புல்புல்தாராவைச் சீலையால் மூடி வைத்தேன். பென்சிலும் கொப்பியும் போதும். அந்த வாசற்படியில் நின்று, ஊதாக் கரைச் சீலைக்குக் காத்திருந்த அந்த அக்காவிடம் கேட்க வேண்டியதை, சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, காக்கா தெருவால போகக்குள்ள நீங்க அவர எப்படி நிப்பாட்டுவீங்க? ஒரே ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டுங்க."